பள்ளியில் காட்டுயிர் மன்றமா? குழியானையில் தொடங்குங்கள்

மன்றம் என்றதும் அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு வேன் பேசத்தான் மனம் போகும். அது அப்புறம் ஆகட்டும். வேலூர் வெயிலில் காய்ந்த பள்ளிச் சுவரோரம், மழை படாத பொடிமண்ணில் புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடியில் குழியானை என்ற சின்னப் பூச்சி இருக்கும்.

பிள்ளைகளை நாலைந்து பேராகச் சுற்றி உட்கார வைத்து, ஓர் எறும்பு வழுக்கி விழும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். எறும்பு மேலே ஏற ஏற, கீழிருந்து மண் தெறித்து அதைச் சரித்துவிடும். பின்பக்கமாகவே நகரும் இந்தப் பூச்சி, வளர்ந்ததும் தட்டான் போலச் சிறகோடு பறக்கும் என்று சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும். அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள், உடனே நோட்டில் வரையச் சொல்லுங்கள். தீப்பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும் விட வேண்டாம்.

அடுத்தது பறவை. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும், பிள்ளைகளுக்கும் அலுக்காது. கோட்டை அகழியோரம் காலையிலேயே போய்க் கொக்கு, மீன்கொத்தி தேடலாம். தண்ணீர் ஓரம் என்பதால் பெற்றோர் இரண்டு பேராவது கூட வரட்டும்.