லிம்பெட் மேல் போட்ட பழி

சிங்கப்பூர் செங்காங்கில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரண்டடி பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். போன மாதம், தண்டின் நுனியில் பூப்போல விரியும் சோவாந்தஸ் பவளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சில தண்டோடு காணாமல் போயின.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். உப்படர்த்தி 1.025, அது சரிதான். நைட்ரேட்டும் குறைவு. வெப்பம் மட்டும் 29 டிகிரி. நம் ஊர் வெக்கைக்கு அது வழக்கம்தான். விசிறி வைத்து 27க்குக் கொண்டுவந்தேன். பலனில்லை.

அப்புறம் கண்ணில் பட்டது கல்லில் ஒட்டியிருந்த லிம்பெட், கூம்புத் தொப்பி மாதிரி ஓடு உள்ள நத்தை வகை. ஓட்டின் உச்சியில் துளை, அதாவது கீஹோல் வகை. லிம்பெட்டுகள் பெரும்பாலும் பாசிதான் மேயும். கீஹோல் வகையில் சில பவளத்தையும் தின்னும் என்பதால் எடுத்துத் தனி வாளியில் விட்டேன். ஐந்து நாள் போனது, மூடுவது நிற்கவில்லை.

கடைசியில் நள்ளிரவில் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிப் பார்த்தேன். மூடிய தண்டுகளுக்கு நடுவே சுண்டுவிரல் நகமளவு தட்டையான நத்தை. பழுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சுருள் ஓடு. சன்டயல் நத்தை! சோவாந்தஸ்தான் அதன் சாப்பாடு. சந்தேகம் இருந்தால் நத்தையைத் திருப்பி வாய்மூடியைப் பாருங்கள்: தட்டையாக இல்லாமல் திருகாணி மாதிரி கூம்பாக நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

கல்லையே வெளியே எடுத்து, இடுக்குகளில் இருந்த நான்கு சன்டயல் நத்தைகளையும் இடுக்கியால் பிடுங்கினேன். ஒரு வாரத்தில் பவளங்கள் விரிந்தன. அப்பாடா என்றிருந்தது. லிம்பெட்டைத் தொட்டியிலேயே திரும்ப விட்டுவிட்டேன். கண்ணாடிப் பாசியை மேய்ந்துகொண்டிருக்கிறது.