மார்கழி சீசனுக்கு முதல்முறை வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன டிசம்பரில், சென்னையின் கர்நாடக இசை சீசனில், ஒரு சபா (கச்சேரி நடத்தும் சங்கம்) வாசலில் இரண்டு பையன்கள் போனில் அட்டவணையை வைத்துக்கொண்டு, “நாலு மணிக்கு இங்க, அஞ்சரைக்கு எழுந்தா ஆறரைக்கு அங்க” என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பல வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அதே கணக்கு. தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்கள். போனை சைலன்ட்டில் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளில் இரண்டு சபா

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், ஏனென்றால் காசு கொடுத்து ஏமாந்தவன் நான். ஒரு சனிக்கிழமை, தி.நகரில் நாலு மணிக் கச்சேரி, ஆழ்வார்பேட்டையில் ஆறரைக்கு இன்னொன்று, இரண்டுக்கும் டிக்கெட் வாங்கியிருந்தேன். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த முறையில்தான் இன்றைக்கும் பெரும்பாலான கச்சேரிகள் நடக்கின்றன: தொடக்கத்தில் வர்ணம், இரண்டு மூன்று சின்னக் கீர்த்தனை, அப்புறம்தான் ஆலாபனை (பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), ஸ்வரம் (ஸ-ரி-க-ம என்று கற்பனையாகப் பாடுவது), தனி ஆவர்த்தனத்தோடு (தாள வாத்தியங்களின் தனி வாசிப்பு) மெயின் உருப்படி, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள். அதாவது முதல் ஒரு மணி நேரம் பாடகருக்குக் குரல் பதமாகிற நேரம். நான் எழுந்தது சரியாக மெயினுக்குக் காம்போதி ராக ஆலாபனை ஆரம்பித்தபோது. வரிசையில் எட்டுப் பேர் காலை மடக்கி வழிவிட்டார்கள், ஒரு மாமா மட்டும் “இப்பவா?” என்று கேட்டார்.

மூன்று நாலு கிலோமீட்டர்தான். ஆனால் டிசம்பர் சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர். ஆட்டோ ஒரே சிக்னலில் மூன்று பச்சை பார்த்தது. போய்ச் சேர்ந்தால் கதவை மூடிவிட்டார்கள், பாட்டு முடிந்தால்தான் உள்ளே விடுவார்களாம். அந்தப் பாட்டோ முடிகிற வழியாக இல்லை, ஸ்வரம் போய்க்கொண்டே இருந்தது. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றால் மிருதங்கத்தின் தொப்பிச் (இடது பக்க) சத்தம் மட்டும் கேட்டது. அங்கே வால் இல்லை, இங்கே தலை இல்லை. மறுநாள் நண்பன் அந்தக் காம்போதியைப் பற்றி அரை மணி நேரம் பேசினான், நான் “ஆமாம், பிரமாதம்” என்று தலையாட்டினேன்.

இரண்டு கேட்டே ஆகவேண்டும் என்றால் ஒரே பேட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபாவிலிருந்து பாரதிய வித்யா பவனுக்கு நடந்தே போகலாம். முதல் கச்சேரி மங்களம் பாடி முடித்தபிறகு கிளம்புங்கள், அடுத்ததில் வர்ணம் போனால் போகட்டும்.

பக்கத்து சீட்டுக்கு ராகம் சொல்வது

நான் ஒருமுறை ஆபோகி என்று கிசுகிசுத்தேன். பாடகர் நிதானமாக நிஷாதத்தில் (‘நி’ ஸ்வரத்தில்) வந்து நின்றார். ஆபோகியில் நிஷாதமே கிடையாது, அது ஸ்ரீரஞ்சனி. முன் சீட்டு மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

நாட்டியத்துக்கு டிசம்பரில் அகாடமி போவது

மியூசிக் அகாடமியில் டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை பாட்டு. நாட்டிய விழா ஜனவரி முதல் வாரத்தில்தான் தொடங்கும். கிறிஸ்துமஸ் லீவில் ரயிலேறி வந்து பரதநாட்டியம் எங்கே என்று கேட்கிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். டிசம்பர் கடைசியில் கலாக்ஷேத்ராவையும் மற்ற சபாக்களையும் பாருங்கள்.

மாலை டிக்கெட் கிடைக்கவில்லை என்று திரும்பிப்போவது

பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட்டே வேண்டாம், இலவசம். அந்த வெயில் நேரத்தில் பாடுகிற இளசுகள் அடுத்த சில வருஷத்தில் மாலை மேடைக்கு வந்துவிடுவார்கள், அப்புறம் முன்வரிசை கிடைக்காது.

கேன்டீனை இடைவேளைக்கு வைத்துக்கொள்வது

இடைவேளை கிடையாது. முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள்.