தேன்கூட்டிலிருந்து நிலாவுக்கு: கலைக்களஞ்சியத்தை வட்டம் வட்டமாகப் படிப்பது எப்படி?

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் டேப்லெட்டில் தேன்கூடு பற்றிப் படிக்க உட்கார்ந்தவள், அரைமணி நேரத்தில் அப்பல்லோ 11-இல் போய் நின்றாள். திரை முழுக்க வட்டங்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். "தேன்கூட்டுக்கும் நிலாவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன். "தெரியல சித்தி, தட்டிட்டே வந்தேன்" என்றாள்.

விக்கிப்பீடியாக் கட்டுரைகளை இப்படி வட்டங்களாக விரித்துக் காட்டும் செயலிகள் புதிதல்ல. 2011-இலேயே ஐபேடுக்கு விக்கிநோட்ஸ் வந்துவிட்டது. எனக்கு இவை மிகவும் பிடிக்கும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வட்டங்களுக்கு நடுவே உள்ள கோடு, தொடர்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். என்ன தொடர்பு என்பதைக் கட்டுரைக்குள் போய் நாம்தான் எடுக்க வேண்டும். அன்றைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடுவில் இருக்கும் வட்டம் நீங்கள் தேடிய கட்டுரை. சுற்றியுள்ளவை அந்தக் கட்டுரைக்குள் இணைப்பாக இருக்கும் மற்ற தலைப்புகள். ஒன்றைத் தட்டினால் அது விரிந்து தன் கிளைகளைக் காட்டும்; விரலால் இழுத்தால் நகரும்; இரண்டு விரலால் பெரிதாக்கலாம். செயலிக்குச் செயலி கொஞ்சம் மாறும், பத்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

தேடும்போது பல பொருள் உள்ள சொல்லைத் தவிருங்கள். 'திங்கள்' என்றால் கிழமையா, மாதமா, நிலவா? 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு பக்கம் வந்தால் அதை நடுவட்டமாக வைக்காமல், உங்களுக்கு வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். தொடங்கியதும் களை எடுங்கள். நாட்டுப் பெயர், ஆண்டு, மொழிப் பெயர் போன்ற வட்டங்கள் ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் தொங்கும். அவற்றை விரித்தால் திரை நிறையும், அறிவு நிறையாது. ஒரே நேரத்தில் ஐந்தாறு வட்டம் மட்டும் திறந்திருக்கட்டும்.

அடுத்ததுதான் முக்கியம். ஒரு வட்டத்தைத் தட்டுவதற்கு முன், அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் வருகிறது என்று கட்டுரையில் தேடிப் படியுங்கள். பிறகு அதை உங்கள் வார்த்தையில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையா? தட்டாதீர்கள்.

மறுநாள் அதே பாதையில் அவளை மறுபடி நடக்க வைத்தேன், நோட்டும் பென்சிலுமாக. தேன்கூட்டிலிருந்து அறுகோணம்: தேனீ கட்டும் அறைகள் ஆறு பக்கம் கொண்டவை. அறுகோணத்திலிருந்து வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வே: கடலோரத்தில் சுமார் 40,000 கல் தூண்கள், பல ஆறு பக்கத்தோடு. அங்கிருந்து பசால்ட்: அந்தத் தூண்கள் எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த பசால்ட் பாறை. பசால்ட்டிலிருந்து நிலவின் 'கடல்கள்': நிலாவில் கறுப்பாகத் தெரியும் சமவெளிகளும் பசால்ட்தான். கடைசியாக அப்பல்லோ 11: 1969 ஜூலை 20 அன்று அது இறங்கியது அமைதிக் கடல் என்ற அப்படிப்பட்ட ஒரு சமவெளியில், திரும்பும்போது சுமார் 21.5 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தது.

ஐந்து கோடு, ஐந்து வரி. இரண்டாவது வரியை எழுதும்போது அவள் நிறுத்தினாள். "கல்லை யார் சித்தி அறுகோணமா வெட்டினது?" இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும். திரையில் தேன்கூடும் கல் தூணும் அறுகோணத்தின் இரு பக்கமும் உடன்பிறப்புகள் போல நிற்கின்றன. ஆனால் காரணம் வேறு வேறு. ஒரு தளத்தைச் சம அளவு அறைகளாகப் பிரிக்க, மொத்தச் சுவர் நீளம் மிகக் குறைவாக வருவது அறுகோணத்தில்தான். 1999-இல் தாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதவியலாளர் இதை நிறுவினார். அந்த அமைப்பில் கட்டுவதால் தேனீக்கு மெழுகு மிச்சம். கல்லை யாரும் வெட்டவில்லை. குழம்பு ஆறும்போது சுருங்கி, விரிசல் விட்டு, அந்த விரிசல் கீழே இறங்கித் தூணானது. ஒரே வட்டத்தோடு ஒட்டியிருக்கின்றன என்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

படங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். அறுகோணத்திலிருந்து சனிக் கோளின் வட துருவ மேக அமைப்புக்குப் போகலாம். ஒவ்வொரு பக்கமும் பூமியின் விட்டத்தைவிட நீளமான ஆறுமுகச் சுழல் அது. காசினி விண்கலம் எடுத்த அதன் படங்களில் சிலவற்றின் நிறம் கண்ணால் பார்க்கும் நிறம் அல்ல, வேறுபாடு தெரிவதற்காகச் சேர்த்தது. படத்தைத் தட்டி, கீழே உள்ள குறிப்பைப் படித்தால்தான் இது தெரியும்.

தமிழில் தேடும்போது சில கட்டுரைகளில் கிளை குறைவாக இருக்கும். கட்டுரை சிறியது, இணைப்பும் சில. நான் தமிழில் தொடங்கி, கிளை தீர்ந்த இடத்தில் மொழி மாற்றும் பொத்தானை அழுத்தி ஆங்கிலத்துக்குப் போவேன். அடுத்த தலைப்பு கிடைத்ததும் தமிழுக்குத் திரும்புவேன். கலைச்சொல் தமிழில் மனதில் நிற்க இது நல்ல வழி.

வட்டம் காட்டும் செயலி கிடைக்கவில்லை என்றால் விக்கிப்பீடியாவின் சொந்தச் செயலியே போதும். இணைப்புக்கு முன்னோட்டம் காட்டும். பிடித்த கட்டுரைகளைப் பட்டியலாகச் சேமிக்கலாம். வரைபடத்தை மட்டும் தாளில் நீங்களே வரைய வேண்டும். உண்மையில் அதுவே நன்றாக மனதில் பதிகிறது. இணையம் இல்லாத இடத்துக்குக் கிவிக்ஸ் என்ற செயலி. முழு விக்கிப்பீடியாவையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இடம் போதவில்லை என்றால் படம் இல்லாத கோப்பு சிறியது.

ஒரு அமர்வுக்கு ஐந்து கோடுதான் எங்கள் கணக்கு. ஆறாவது வட்டம் எவ்வளவு இழுத்தாலும் அதன் பெயரை நோட்டின் அடியில் எழுதிவிட்டு மூடிவிடுகிறோம். இப்போது அங்கே 'பனித்துகள்' என்று எழுதியிருக்கிறது. நாளைக்கு அதுதான் நடுவட்டம்.