ஃபஸ்ஸுக்குத் தனி பேட்டரி

கிருஷ்ணகிரியில் கோயில் திருவிழாக் கச்சேரிக்கு முதல் நாள், கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், ஃபஸ் என்ற இரண்டு பெடல்களையும் ஒரே அடாப்டரில் மாட்டினேன். இரண்டு விளக்கும் எரியவில்லை. ஃபஸ்ஸைக் கழற்றியதும் ஓவர்டிரைவ் உயிர்பெற்றது. ஃபஸ்ஸின் அடிமூடியைத் திறந்தேன். உள்ளே பிஎன்பி வகை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். பேட்டரியின் சிவப்புக் கம்பி, அதாவது பிளஸ், கிரவுண்டில் (சர்க்யூட்டின் பொது இணைப்பில்) பற்றவைக்கப்பட்டிருந்தது. ஓவர்டிரைவிலோ மைனஸ்தான் கிரவுண்ட். இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிள் வழியே அடாப்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது!

சரி, ஃபஸ்ஸுக்கு மட்டும் தனியாக 9 வோல்ட் பேட்டரி போட்டேன், தீர்ந்தது. அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி வீணாக இறங்கும்.

அப்புறம், பேஸ் கிட்டாருக்கு ஓவர்டிரைவ் வாங்கும்போது பிளெண்ட் (கலவை) குமிழ் உள்ளதையே எடுங்கள். அடிநாதம் கரையாமல் நிற்க, சுத்தமான சத்தமும் கலந்து வர வேண்டும். பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓடிபி-3 (ODB-3) பெடலில் அந்தக் குமிழை பேலன்ஸ் என்பார்கள்.