எலுமிச்சை, ஆரஞ்சு வில்லைகளை உலர்த்திப் பல மாதம் வைத்திருப்பது எப்படி?

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாவற்றையும் ஒரே முறையில் உலர்த்தலாம். வேலை சுலபம்தான், ஆனால் அவசரப்படக் கூடாது. உலர்த்திய வில்லைகளில் பின்னால் பூசணம் பிடிக்கிறதென்றால், பெரும்பாலும் உள்ளே ஈரம் மிஞ்சியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடிபடாத, கெட்டியான பழங்களாக எடுங்கள். தோலோடு உலர்த்தப் போகிறோம். தோலில் மெழுகு பூசியிருக்கலாம் என்பதால் வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். இரு முனைகளையும் நீக்கிவிட்டு, கூரான கத்தியால் அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். எல்லாம் ஒரே கனத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது ஈரமாகவே கிடக்கும். விதைகளை எடுத்துவிட்டு, சாற்றைத் துணியால் ஒற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டாமல் கம்பி வலைத்தட்டில் பரப்புங்கள். டீஹைட்ரேட்டர் (உணவை உலர்த்தும் மின்கருவி) இருந்தால் 57 டிகிரி செல்சியஸில் 8 முதல் 12 மணி நேரம். சாறு மிகுந்த பழம் இன்னும் நேரம் எடுக்கும். ஓவனில் 90 டிகிரிக்கு மேல் வேண்டாம். மூன்று, நான்கு மணி நேரமாவது ஆகும், நடுவில் திருப்பிப் போடுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டைக் கூட்டினால் மேற்புறம் இறுகி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். பார்க்கக் காய்ந்ததுபோல்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். வெயிலில் காயவைப்பது காற்றில் ஈரப்பதம் குறைவாக இருக்கும்போது மட்டும் சரிவரும். மேலே வலைத்துணி போட்டு, இரவில் உள்ளே எடுத்து வையுங்கள்.

சூடாக இருக்கும்போது எந்த வில்லையும் வளையத்தான் செய்யும். அதனால் ஒன்றை எடுத்து முழுதாக ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும், சதை விரலில் ஒட்டக் கூடாது.

பலர் விட்டுவிடுகிற படி இனிமேல்தான் வருகிறது. ஆறிய வில்லைகளைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்குக்கும் குறைவாகப் போட்டு மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தினமும் குலுக்குங்கள். சில வில்லைகளில் மிஞ்சிய ஈரம் எல்லாவற்றிலும் சமமாகப் பரவும். கண்ணாடியில் நீர்த்துளி தெரிந்தால் உடனே எடுத்து மறுபடி உலர்த்துங்கள். பூசணம் தெரிந்தால் யோசிக்காமல் ஜாடியில் உள்ள அனைத்தையும் கொட்டிவிடுங்கள்.

சரி, இதில் தேறியவற்றைக் காற்றுப் புகாத ஜாடிகளில் தேதி எழுதி, குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வையுங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். நாளாக ஆக நிறம் கொஞ்சம் பழுப்பாகும், பயப்பட வேண்டாம். ஒரே பெரிய ஜாடியைவிடப் பல சின்ன ஜாடிகளாகப் பிரித்து வைப்பதையே நான் சொல்வேன்: ஒன்றைத் திறக்கும்போது மற்றவற்றில் ஈரக்காற்று படாது.