பளபள பிரிண்ட்டில் வெள்ளைப் புள்ளியை மறைப்பது

இருட்டறையில் நெகட்டிவ் படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவியான என்லார்ஜரில், நெகட்டிவ்மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், அந்த இடத்தில் ஒளி விழாது. பிரிண்ட்டில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கிளாஸி தாளில் அதை மறைக்கப் பென்சிலையோ போஸ்டர் கலரையோ எடுக்காதீர்கள். இரண்டும் மேலே படிந்து நிற்கும். சற்றே சாய்த்துப் பார்த்தால் மங்கிய திட்டு காட்டிக்கொடுத்துவிடும். தாளின் மேல்பூச்சான ஜெலட்டினுக்குள் ஊறும் ஸ்பாட்டிங் சாயம்தான் (புள்ளி மறைக்கும் சாயம்) வேண்டும்.

நான் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு சாயம் விட்டுக் காயவிடுவேன். ஈரத் தூரிகையால் அதைத் தொட்டு, புள்ளியைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்தைவிட நன்றாக வெளிறும்படி கரைப்பேன். மிக மெல்லிய 000 எண் தூரிகை போதும், முனை கூராகச் சேர வேண்டும். ஈரத்தை டிஷ்யூவில் ஒற்றி, வீணான பிரிண்ட்டின் ஓரத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். துளி தேங்கினால் இன்னும் ஒற்றுங்கள்.

பிறகு புள்ளியின் நடுவில் குத்துக் குத்தாக வையுங்கள். இழுக்கவே கூடாது. விளிம்பைத் தாண்டினால் கறுப்பு வளையம் விழும். நீளமான கீறலையும் புள்ளிகளாகவே நிரப்புங்கள். ஊற நேரம் கொடுத்து மறுபடி வையுங்கள். முகத்தில், அதிலும் கன்னத்தில் இருக்கும் புள்ளிக்கு நான் எவ்வளவு நேரமும் உட்காருவேன். பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

கறுப்புப் புள்ளியைப் பிளேடால் சுரண்டினால் கிளாஸியில் தழும்பு தெரியும். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலைத் துளியாக வைத்து வெளிறவைத்து, படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டு, நன்றாகக் கழுவுங்கள். அதிகம் வெளுத்துவிட்டால், காய்ந்தபின் சாயத்தால் நிரப்பலாம்.