மூன்று துண்டு அலாய் வீலைப் பிரித்து, அகலம் கூட்டி, திரும்பப் பூட்டுவது

சார்ஜாவில் இருக்கும் மச்சான் கார்கோவில் போட்டு அனுப்பிய நான்கு வீல்கள், பாளையங்கோட்டை வீட்டு மாடிப்படிக்கு அடியில் இரண்டு வருடம் கிடந்தன. பழைய ஜப்பான் சரக்கு. விட்டம் 15 அங்குலம், அகலம் 6 அங்குலம், ஆஃப்செட் 38 (அது என்ன என்பது கீழே வருகிறது), நான்கு துளை, பிசிடி, அதாவது வீல் நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 100 மில்லிமீட்டர். என்னுடைய 2000 மாடல் ஹோண்டா சிட்டிக்குப் பிசிடி சரியாக இருந்ததால் ஒருநாள் துணிந்து கையை வைத்தேன். நடுவில் ஒரு தப்புக் கணக்கால் கையைச் சுட்டுக்கொண்டேன். அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இந்த வகை வீலில் மூன்று துண்டுகள்: முன்னால் தெரியும் சென்டர், வெளிப்பக்கம் பளபளக்கும் லிப், உள்பக்கத்து பேரல். மூன்றையும் சுற்றிலும் சின்னச் சின்ன போல்ட்கள் பிடித்திருக்கும். ரேஸில் ஓரம் அடிபட்டால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம், வேண்டிய அகலத்துக்கும் கூட்டலாம் குறைக்கலாம் என்பதுதான் இந்த அமைப்பின் பயன். ஜெர்மனியின் பிபிஎஸ் கம்பெனி 1983இல் கொண்டுவந்த ஆர்எஸ் மாடலைப் பார்த்திருப்பீர்கள், அதே அமைப்புதான். போல்ட் தலை தெரிகிறது என்பதற்காக எல்லாமே பிரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அழகுக்குப் பொய் போல்ட் வைத்த ஒரே வார்ப்பு வீல்கள் ஏராளம். பின்பக்கம் நட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

டயரை மெஷின் உள்ள கடையில் கழற்றுங்கள். கம்பி போட்டு நெம்புகிற கடை வேண்டாம்.

அடுத்தது விரிசல் சோதனை. ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் டிபி டெஸ்ட் என்பார்கள். சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பாகக் கோடு எழும்பும். கூடங்குளத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்த்த வெல்டர் ஒருவர் எனக்குச் செய்துகொடுத்தார். சென்டரில் விரிசல் என்றால் அந்த வீலைச் சுவரில் மாட்டிவையுங்கள், ரோட்டுக்கு வேண்டாம்.

பிரிக்கும் முன் மூன்று துண்டுகளுக்கும் குறுக்காக, வால்வு துளைக்கு நேரே, ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். சாக்பீஸ் அழிந்துவிடும், பெயிண்ட் மார்க்கர்தான் நிற்கும். பிறகு நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். தலையைத் திருப்பினால் சென்டரில் உள்ள துளை அரைபட்டுப் பெரிதாகும். வராத நட்டுக்கு ஹாட் ஏர் கன் போதும். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டவே கூடாது, அலுமினியத்துக்குச் சூட்டில் பதம் ஏற்றிக் கொடுத்த பலம் போய்விடும். வீலுக்கு 24 வீதம் எனக்கு 96 போல்ட். 11 முறிந்தன. முறியாததையும் திரும்பப் போடவில்லை, அத்தனையும் புதிது.

போல்ட் வந்தாலும் துண்டுகள் பிரியாது, பழைய சிலிக்கோன் பிடித்துக்கொண்டிருக்கும். ரப்பர் சுத்தியலும் மர ஆப்பும் எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் செருகினால் காற்றை அடைக்க வேண்டிய முகத்தில் கீறல் விழும். அப்புறம் எத்தனை டியூப் சிலிக்கோன் போட்டாலும் கசியும்.

பெயிண்ட் எடுக்கும்போது இன்ஜின் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னார்: "தம்பி, காஸ்டிக் தொட்டியில போட்டா பத்து நிமிசத்துல பளிச்சுனு வந்துரும்லா." அவர் கழுவுவது இரும்பு. நம்முடையது அலுமினியம். நல்லவேளை, முதலில் ஒரு சென்டர் கேப்பைப் போட்டுப் பார்த்தேன். சோடா பாட்டிலை உடைத்த மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. வெளியே எடுத்தபோது அதில் இருந்த எழுத்தைக் காணோம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், கூடவே தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் ரிமூவர் ஜெல்லே போதும். கையுறை போட்டு, மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

இனி என்னைக் கவிழ்த்த இடம், அகலம் கூட்டும் கணக்கு.

வீலின் அகலம் என்பது டயர் உட்காரும் இரண்டு ஓரங்களுக்கும் உள்பக்கமாக அளப்பது. வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்தால் சுமார் ஓர் அங்குலம் கூடுதலாக வரும். என் 6 அங்குல வீல் வெளியே 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். ஆஃப்செட் என்பது வீலின் அகலத்து நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டும் சுழலும் பகுதி) ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம். 38 என்றால் ஒட்டும் முகம் நடுக்கோட்டிலிருந்து 38 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது.

லிப்பை ஓர் அங்குலம் பெரிதாகப் போட்டால் அகலம் 7 அங்குலம். நடுக்கோடு அதில் பாதி, 12.7 மில்லிமீட்டர், வெளியே நகரும். ஆகவே ஆஃப்செட் 38லிருந்து 25.3. இதுவரை நான் போட்டது சரி. "அப்படியானால் வீல் 12.7தானே வெளியே வரும், ஃபெண்டருக்கு (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு) 14 மில்லிமீட்டர் இருக்கிறதே" என்று நினைத்து லிப்பை ஆர்டர் போட்டேன் பாருங்கள், அதுதான் தப்பு. 12.7 நகர்வது நடுக்கோடு மட்டும். கூட்டிய அகலத்தில் பாதி அதற்கும் மேலே வெளிப்பக்கம் நிற்கிறது. லிப்பின் ஓரம் முழு 25.4 வெளியே வரும். டயரின் பக்கச்சுவர் அவ்வளவு வராது. ரிம் ஓர் அங்குலம் அகன்றால் டயர் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் பருக்கும், அதில் வெளிப்பக்கம் பாதி. 12.7உம் 5உம் சேர்த்துச் சுமார் 18. இருந்த இடமோ 14.

வண்டி காலியாக ஓடியபோது ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போகும் வழியில், முதல் வேகத்தடையிலேயே பின்னால் 'சர்ர்ர்' என்று ஓர் இழுப்பு. இறங்கிப் பார்த்தால் புது டயரின் தோளில் கத்தியால் சீவியது போல ஒரு வளையம். அத்தை பின் சீட்டில் இருந்தபடியே, "கல்லு கில்லு மாட்டிக்கிச்சா?" என்றாள். கஸ்டம்ஸ் வரியோடு வரவழைத்த லிப்புகளை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு அரை அங்குலம் பெரியதை வாங்கினேன். இப்போது அகலம் 6.5, ஆஃப்செட் 31.65, டயர் வெளியே வந்தது சுமார் 9 மில்லிமீட்டர். உரசல் இல்லை.

பேரலைப் பெரிதாக்கினால் எல்லாம் தலைகீழ். வெளிப்பக்கம் அப்படியே இருக்க, உள்ளே சஸ்பென்ஷன் பக்கம் நீளும், ஆஃப்செட் கூடும்.

அளப்பதற்கு நான் கண்ட நல்ல வழி கொத்தனாரின் தூக்குக்குண்டு. அகலம் கூட்டும் முன் இதே அலாய் வீலையும் டயரையும் மாட்டி, சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவையுங்கள். ஃபெண்டரின் உள்மடிப்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். நான்கு சக்கரத்திலும் அளக்க வேண்டும். என் வண்டியில் இடப்புறமும் வலப்புறமும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம்.

லிப் ஆர்டர் போடும்போது போல்ட் எண்ணிக்கையும் போல்ட் வட்டத்தின் விட்டமும் கேட்பார்கள். நேர் எதிரான இரண்டு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே வெர்னியரில் அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால் அதுதான் வட்டம்.

டயரில் நான் போட்டது 195/50 ஆர் 15. பழைய 175/70 ஆர் 13இன் உயரம் 575 மில்லிமீட்டர், இது 576. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனாலும் ஆர்டிஓ பார்வையில் இது மாற்றம்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு இறங்குங்கள்.

வீலின் நடுத்துளை 73.1, வண்டியின் ஹப் 56.1. இடையில் வளையம் இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். பேட்டையில் ஒரு லேத் அண்ணாச்சி அலுமினியத்தில் நான்கு வளையம் கடைந்து தந்தார். "டீக்குக் குடு, போதும்" என்றார். கூலியும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

சென்டருக்குப் பவுடர் கோட்டிங் வேண்டாம் என்பது என் கட்சி. அடுப்பில் 200 டிகிரி வரை ஏற்றுவார்கள், பழைய அலுமினியத்தை அந்தச் சூட்டில் வைக்க எனக்கு மனமில்லை. இரண்டு பாகம் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் அடித்தேன், நல்ல மாஸ்க் போட்டு. லிப்புக்கு 400, 600, 800, 1000, 1500, 2000 என்று தண்ணீர்த் தாள் வரிசையாகப் போய், பிறகு பாலிஷ். ஒரு நம்பரைத் தாண்டினால் கீறல் கடைசியில் வெயிலில் காட்டிக்கொடுக்கும்.

பூட்டும்போது கீறிய கோட்டை நேராக்கி, எதிரெதிராக, மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எவ்வளவு டார்க்கில் இறுக்க வேண்டும் என்பதை நான் சொல்லமாட்டேன், போல்ட் விற்பவரிடம் கேளுங்கள். எண்ணெய் பட்ட போல்ட்டுக்கும் காய்ந்த போல்ட்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. இறுக்கிய பிறகு வீலைச் சுழலவிட்டு டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குள் ஆட்டம் இருந்தால் சரி. அதன்பின் உள்பக்கத்து இணைப்பில் சுற்றிலும் சிலிக்கோன் வைத்து, விரலால் அழுத்தி வழித்து, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

டயர் மாட்டி, காற்று நிரப்பி, பஞ்சர் கடைத் தொட்டியில் முக்கிப் பாருங்கள். எனக்கு மூன்றாவது வீலில், வால்வுக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவு குமிழி ஒன்று நிதானமாக வந்துகொண்டே இருந்தது. டயரை மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

பின்சேர்க்கை: உவரி பக்கமிருந்து ஒருவர் கேட்டார், ஆறே மாதத்தில் இணைப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டதாம். என்ன சிலிக்கோன் என்றேன். கண்ணாடிக் கடையில் வாங்கியது, போடும்போது வினிகர் வாடை அடித்தது என்றார். அந்த வாடை அசிட்டிக் அமிலம், அலுமினியத்தை அரிக்கும். கடல் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டது. டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். வீல் நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன், அதையும் செய்துவிடுங்கள்.